சத்தம் போடாமல் ஜெயித்த பாடகர்

இந்த மாதச் சுவர் இதழில் மறைந்த கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னாங்க தமிழ் ஐயா. நான் பாடகர் ஏ.எம்.ராஜாவைப் பற்றி எழுதுகிறேன். யாருடி அவருன்னு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கேட்டாங்க. உங்கள் வீட்டுத் தாத்தா, ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள். பேரைச் சொன்னதுமே அவங்க முகம் மலர்ந்துடும்.

எனக்கு இவரை அறிமுகம் செய்தது என் தாத்தா. அவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். நைட் டியூட்டிக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு சின்ன ரேடியோவும் எடுத்துக்கொண்டு போவார். போன வருஷம் பிரேயரில் பாட ஆள் எடுத்தபோது, கடைசி வரிசைக்குக் கேட்கலைன்னு என்னை எடுக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். தாத்தா ஒன்றும் சொல்லாமல் ரேடியோவில் வந்த ஒரு பாட்டைக் கேட்க வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு மெதுவான குரல். அது ராஜாவின் குரல்.

ராஜா 1929-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்தில் பிறந்தார். அந்த மாவட்டம் இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அவருடைய தாய்மொழி தெலுங்கு. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்துவிட்டார். கஷ்டப்பட்டுப் படித்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அப்போதே பாடவும் செய்தார். வானொலியில் அவர் பாடியதைக் கேட்டு ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ்.வாசன் கூப்பிட்டு வாய்ப்புக் கொடுத்தார். 1951-இல் வந்த சம்சாரம் படத்தில் பாடினார். அதிலிருந்து ஏறுமுகம்தான்.

மைக் வருவதற்கு முன்னால் நாடகத்தில் பாடுகிறவர்கள் கொட்டகையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் பாட வேண்டும். கே.பி.சுந்தராம்பாள், எம்.கே.தியாகராஜ பாகவதர் எல்லாம் அப்படி நாடகத்தில் பாடிவிட்டு சினிமாவுக்கு வந்தவர்கள். நல்ல மைக் வந்த பிறகு கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மூச்சு விடுகிற சத்தம்கூட மைக்கில் கேட்கும். அமெரிக்காவில் பிங் கிராஸ்பி, நாட் கிங் கோல் போன்றவர்கள் இப்படி மெதுவாகப் பாடியே உலகப் புகழ் பெற்றார்கள். நம்ம ஊரில் அந்த வழியில் முக்கியமானவர் ராஜா.

1955-இல் வந்த மிஸ்ஸியம்மா படத்தில் நிலாவைக் கூப்பிடுகிற ஒரு பாட்டு உண்டு. அதை பி.லீலாவோடு சேர்ந்து பாடினார். ஜெமினி கணேசனுக்கு இவர் குரல் அப்படியே பொருந்தியது. ஜெமினியே சொந்தமாகப் பாடுகிறார்னு தாத்தா சின்ன வயசில் நினைத்துக்கொண்டிருந்தாராம்! எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களிலும் பாடியிருக்கிறார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று ஐந்து மொழிகளில் பாடினார்.

அவரோடு நிறைய டூயட் பாடியவர் ஜிக்கி. அவருடைய இயற்பெயர் கிருஷ்ணவேணி. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே சினிமாவுக்கு வந்தவர். பாட்டில் ஜோடியாக இருந்த இருவரும் வாழ்க்கையிலும் ஜோடி ஆனார்கள். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள்.

ராஜா பாட்டு மட்டும் பாடவில்லை, இசையும் அமைத்தார். 1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய கல்யாணப் பரிசு படத்துக்கு ராஜாதான் இசை. தமிழில் அவர் இசையமைத்த முதல் படமும் அதுதான். பாட்டு எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இவர் நம்ம புதுச்சேரியில் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து கவிதை கற்றவர். அதனால் அந்தப் பாட்டுகளில் நம்ம ஊருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு! அதே வருஷம் அக்டோபரில் பட்டுக்கோட்டையார் 29 வயதிலேயே இறந்துவிட்டார். பிறகு ராஜா விடிவெள்ளி (1960), தேன் நிலவு (1961), ஆடிப்பெருக்கு (1962) ஆகிய படங்களுக்கும் இசை அமைத்தார்.

அதற்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. டி.எம்.சௌந்தரராஜனின் கம்பீரமான குரல் எங்கும் ஒலித்தது. ஜெமினிக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் நிறையப் பாடினார். நம்மளா இருந்தா மனசு உடைஞ்சு உட்கார்ந்திருப்போம். ஆனால் ராஜாவும் ஜிக்கியும் ஊர் ஊராகப் போய் மேடைக் கச்சேரி செய்தார்கள். 1970-களில் மறுபடியும் சில படங்களில் அவர் பாடினார். 1973-இல் வீட்டு மாப்பிள்ளை படத்துக்கு இசையும் அமைத்தார்.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கோயில் கச்சேரிக்காகக் குழுவோடு ரயிலில் போனார். வழியில் வள்ளியூர் ரயில் நிலையத்தில், நகர்ந்துகொண்டிருந்த ரயிலில் தவறி விழுந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 59. பாடப் போன வழியிலேயே அந்தக் குரல் நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் போன பிறகும் ஜிக்கி பாடிக்கொண்டிருந்தார். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவரும் மறைந்தார்.

தோழிகளே, தம்பிகளே, ஒரு வேண்டுகோள். காலையில் ஸ்கூல் பஸ்ஸை விட்டுவிடக் கூடாதுன்னு ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுகிறோம். நானும் ஒரு தடவை அப்படி ஏறி, கால் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். வீட்டில் சொல்லவே இல்லை. இதைப் படித்துத்தான் எங்கம்மாவுக்குத் தெரியப்போகுது. திட்டினாலும் பரவாயில்லை. அடுத்த பஸ் வரும், லேட்டானா வெளியே நிற்கலாம். போன உயிர் வராது.

குரல் சின்னதா இருக்கேன்னு வெட்கப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சத்தமாகப் பாடினால்தான் பாட்டு என்று இல்லை. மனசைத் தொடுகிற மாதிரி பாடினால் போதும். வரும் குழந்தைகள் தின விழாவில் பாட நான் பேர் கொடுத்துவிட்டேன். மைக் மட்டும் நல்லா வேலை செய்யணும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி