சொற்களைத் தேடி அலைந்த ஊழியர்



தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு ஐயர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்தவர் என்பது நம்ம ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷனுக்குச் சொற்கள் மேல் இருந்த தாகம் பலருக்குத் தெரியாது. அதைப்பற்றித்தான் எழுத என் உள்ளத்தில் பாரம்.

ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் 1682-ல் பிறந்தவர். டென்மார்க் ராஜா அனுப்ப, 1706 ஜூலை 9-ந் தேதி புளூட்சௌ ஐயரோடு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது. கடற்கரைப் பட்டணங்களில் போர்ச்சுக்கீசு பாஷை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அதை வைத்தே ஊழியத்தை ஒப்பேற்றியிருக்கலாம். அவர் மனசு ஒப்பவில்லை.

வயதான உபாத்தியாயர் ஒருவரைப் பள்ளிக்கூடத்தோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதினார். எழுத்து வந்துவிட்டது, அர்த்தம் வரவில்லை. வாத்தியாருக்கு வேறு பாஷை தெரிந்தால்தானே! அப்புறம் அழகப்பன் கிடைத்தார். ஐரோப்பிய பாஷைகள் பேசத் தெரிந்த துபாஷி. அங்கேதான் கதவு திறந்தது.

காதில் விழுந்த சொல், ஓலையில் கண்ட சொல் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். தமிழ்ச் சொல், பக்கத்தில் உச்சரிப்பு, அதற்கடுத்து ஜெர்மன் அர்த்தம். இரண்டே வருஷத்தில் 20,000 சொற்கள், பிறகு 40,000. செய்யுளில் வருகிற சொற்களுக்குத் தனியாக இன்னொரு அகராதி. நான் பைபிள் காலேஜில் கிரேக்கச் சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, பஸ்ஸில் நின்றுகொண்டு மனப்பாடம் செய்தவன். ஒரு வருஷத்தில் சில நூறு ஒட்டியதே பெரிசு. 40,000 என்றால் சும்மாவா?

ஓலைச்சுவடிகளுக்கு ஆள் அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் விலைக்கு வாங்கினார். 1708-ல் அவர் எழுதிய நூல் பட்டியலில் இந்து சமயத்தார் நூல்கள் மட்டும் 119. கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். 1713-ல் தமிழர் கும்பிடும் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி அனுப்ப, ஹாலே பட்டணத்துப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அது 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. ஊழியக்காரனுக்கு இந்தப் புத்தகங்கள் எதற்கு என்று இன்றைக்கும் கேட்பார்கள். ஒரு ஜனத்தின் சொற்களை அறியாமல் அந்த ஜனத்தின் இருதயத்தோடு எப்படி ஐயா பேசுவது?

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கவர்னர் அவரைக் கோட்டைச் சிறையில் போட்டார், நாலு மாதம். வெளியே வந்து, 1711 மார்ச்சில் முடித்தார். 1715-ல் அச்சாகி வந்தது. தேவனுக்கு என்ன சொல் வைப்பது என்பதே பெரிய போராட்டம். இவர் சர்வேசுரன் என்று வைத்தார். பின்னால் பெப்ரிசியஸ் ஐயர் பராபரன் என்றார். நாம் வாசிக்கிற தேவன் என்ற சொல் 19-ம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் வந்தது.

சரீரம் பலவீனமாயிருந்தும் பழைய ஏற்பாட்டையும் கையிலெடுத்தார். 1719 பிப்ரவரி 23-ந் தேதி, 36 வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மொழிபெயர்ப்பு ரூத்தின் புஸ்தகம் வரைக்கும் வந்திருந்தது. மீதியை சூல்ட்ஸ் ஐயர் முடித்தார்.