தொலைநோக்கும் தோரிய மணலும்

ஒரு நாடு தனக்கு வேண்டிய மின்னாற்றலை எதிலிருந்து பெறுவது என்பது இன்றைய தேவையை மட்டும் சார்ந்த கேள்வியன்று. அதற்கு எடுக்கப்படும் முடிவு, அரை நூற்றாண்டு கடந்து வாழப்போகும் தலைமுறையையும் சென்று சேரும். விடுதலை பெற்ற இந்தியாவில் அக்கேள்விக்கு விடைதேட முனைந்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. புவி வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் அவர் வகுத்த பாதை மீண்டும் பேசுபொருளாகியுள்ளது.

இளமையும் கல்வியும்

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் பார்சி குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஜஹாங்கீர், சட்டம் பயின்றவர். டாட்டா குடும்பத்தோடு நெருங்கிய உறவு இருந்தமையால், மகன் பொறியாளராகி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பணியாற்ற வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினர். அதற்காகவே 1927இல் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவர் உள்ளம் இயற்பியலில் படிந்தது. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால் கணிதம் பயிலவும் பொருளுதவி செய்வதாகத் தந்தை உறுதியளித்தார். மகன் 1930இல் முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொன்ன சொல்லைக் காத்தார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைப் பாபா கணக்கிட்டு விளக்கினார். அந்நிகழ்வு இன்றும் 'பாபா சிதறல்' என்றே வழங்கப்படுகிறது. ஓவியத்திலும் மேலை இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது.

தாயகத்தில் தங்கிய தருணம்

1939இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்த பாபா, இரண்டாம் உலகப்போர் மூண்டதால் கேம்பிரிட்ஜ் திரும்ப இயலவில்லை. சர் சி.வி. இராமன் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இணைந்து, காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். சில மாதங்கள் தங்க வந்தவர், இந்நாட்டிலேயே அறிவியலை வளர்ப்பது தம் கடமை என்று உணர்ந்தார்.

1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் டாட்டா அறக்கட்டளைக்கு அவர் ஒரு மடல் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கு ஓர் ஆய்வு நிறுவனம் வேண்டும் என்றும், அணுவிலிருந்து மின்னாற்றல் பெறும் காலம் வரும்போது வல்லுநர்களுக்காக இந்தியா அயல்நாடுகளை எதிர்பார்த்து நிற்கலாகாது என்றும் அதில் வாதிட்டார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்வதற்கு ஓராண்டுக்கும் முன்னர் எழுதப்பட்ட மடல் அது. அதன் பயனாக 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1948இல் அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டபோது பாபா அதன் தலைவரானார். 1954இல் மும்பையை அடுத்த டிராம்பேயில் அணுசக்தி ஆய்வுக்கூடம் உருப்பெற்றது.

மூன்று நிலைத் திட்டம்

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. கேரளக் கடற்கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடைக்கும் மோனசைட் மணலில் தோரியம் செறிந்துள்ளது. ஆனால், தோரியத்தை நேரடியாக உலையில் இட்டு ஆற்றல் பெற இயலாது. முதலில் அதனைப் பிளவுறும் தன்மையுள்ள யுரேனியம் 233ஆக மாற்றியாக வேண்டும். இத்தடையைக் கடக்கப் பாபா 1954இல் மூன்று நிலைத் திட்டத்தை முன்வைத்தார்.

முதல்நிலையில், இயற்கை யுரேனியம் எரிபொருளாகி மின்சாரம் தரும். உடன் புளுட்டோனியமும் உண்டாகும். இரண்டாம் நிலையில், அப்புளுட்டோனியம் வேக ஈனுலைகளில் பயன்படும். இவ்வுலைகள் தாம் செலவிடும் எரிபொருளைவிட மிகுதியான எரிபொருளை ஈனக்கூடியவை. தோரியத்தை யுரேனியம் 233ஆக மாற்றவும் வல்லவை. மூன்றாம் நிலையில், தோரியமும் யுரேனியம் 233ம் சேர்ந்து நெடுங்காலம் ஆற்றல் வழங்கும். ஒருநிலையின் விளைவே அடுத்த நிலையின் வித்து. இப்பயிர் விளையப் பல பதிற்றாண்டுகள் ஆகும்.

அப்சரா முதல் தாராப்பூர் வரை

ஜெனீவாவில் 1955இல் அணுவாற்றலின் அமைதிவழிப் பயன்பாட்டுக்கான முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் பாபா. நிலக்கரியும் எண்ணெயும் ஒருநாள் தீர்ந்துபோகும் என்பதும், அவற்றை மட்டும் நம்பினால் வறிய நாடுகள் வளம்பெற இயலாது என்பதும் அவருடைய அடிப்படை வாதங்கள்.

1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் 'அப்சரா' ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை வடிவமைத்துக் கட்டியவர்கள் இந்தியர். மறுஆண்டே இளம் அறிவியலாளருக்கான பயிற்சிப் பள்ளியைப் பாபா தொடங்கினார். அவர் அடித்தளமிட்ட தாராப்பூர் அணுமின் நிலையம் 1969இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அதனைக் காண அவர் இல்லை.

மாறுபட்ட குரல்கள்

பாபாவின் பாதையை அனைவரும் ஏற்கவில்லை. இயற்பியலறிஞர் மேகநாத சாகா, ஆய்வு பல்கலைக்கழகங்களில் வேரூன்ற வேண்டும் என்று கருதி, தனி நிறுவனங்களில் நிதி குவிவதை எதிர்த்தார். அணுசக்திச் சட்டத்தின் மறைபொருள் காக்கும் விதிகளும் அரசியல் நிர்ணய மன்றத்திலேயே வினாவுக்குள்ளாயின. அணுவின் ஆற்றல் ஆக்கத்திற்கும் அழிவிற்கும் பொதுவானது என்பதும் மெய்யாயிற்று. அமைதிப் பணிக்கென அமைந்த சைரஸ் உலையின் புளுட்டோனியமே 1974இல் பொக்ரான் வெடிப்புச் சோதனைக்குப் பயன்பட்டது.

பாபாவின் கணிப்புகள் யாவும் பலித்துவிடவில்லை. அணுக்கரு இணைவின்வழி ஆற்றல் பெறும் முறை இருபது ஆண்டுகளில் கைகூடும் என்று 1955இல் அவர் எதிர்பார்த்தார். அது இன்றும் ஆய்வுநிலையைக் கடக்கவில்லை. நாட்டின் மின்னுற்பத்தியில் அணுவின் பங்கு இன்றும் ஏறத்தாழ 3 விழுக்காடே.

பனிமலையில் முடிந்த வாழ்வு

1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், வியன்னாவில் நடைபெறவிருந்த கூட்டத்திற்காகப் பாபா பயணம் செய்த 'கஞ்சன்ஜங்கா' விமானம், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்கில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 117 பேரும் உயிரிழந்தனர். பாபாவுக்கு அப்போது வயது 56. மறுஆண்டில் டிராம்பே ஆய்வுக்கூடத்திற்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் சூட்டப்பட்டது.

அவ்விமானத்தின் எச்சங்களைப் போசோன் பனியாறு தன்னுள் புதைத்துக்கொண்டது. பனி நகர்ந்தும் உருகியும் வருவதால் அவை ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. 2020இல் அவ்விடத்தில் கிடைத்த இந்திய நாளிதழ்கள், இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தியைத் தாங்கியிருந்தன.

வெப்பமடையும் உலகில்

ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் சுருங்கிவருவதற்குப் புவி வெப்பமயமாதல் காரணம். ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளவீடு தொடங்கியபோது, காற்றில் பத்து இலட்சம் பங்கிற்கு 315 பங்காக இருந்த கார்பன் டைஆக்சைடு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரி தீர்ந்துவிடுமே என்று பாபா கவலையுற்றார். எஞ்சியுள்ள நிலக்கரி முழுவதையும் எரித்துவிட்டால் என்னாகும் என்பதே நம் காலத்தின் கவலை.

ஓர் அலகு மின்சாரத்திற்கு நிலக்கரி ஏறத்தாழ 820 கிராம் கார்பன் டைஆக்சைடுக்கு இணையான வளிகளை வெளியிடுகிறது; அணுமின்சாரம் ஏறத்தாழ 12 கிராம். காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2014இல் வெளியிட்ட இடைநிலை மதிப்புகள் இவை. சுரங்கம், கட்டுமானம் முதலிய அனைத்துப் பணிகளையும் உள்ளடக்கிய கணக்கு இது. 2070இல் நிகர உமிழ்வைச் சுழியாக்கவும், 2047இல் அணுமின் திறனை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தவும் இந்தியா இலக்கு வகுத்துள்ளது.

எனினும், செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் எழுப்பிய அச்சம் பொருளற்றதன்று. கூடங்குளத்தை ஒட்டிய இடிந்தகரை மீனவர்கள் தம் கடலுக்கும் உயிருக்கும் என்ன உறுதி என்று கேட்டனர். கழிவுகளை நெடுங்காலம் காக்கும் பொறுப்பு, பெருகும் கட்டுமானச் செலவு, விலை குறைந்துவரும் சூரிய ஆற்றலோடும் காற்றாற்றலோடும் ஒப்பீடு ஆகியனவும் விடைவேண்டி நிற்கின்றன.

கல்பாக்கத்தில் 'காமினி' என்னும் சிற்றுலை 1996 முதல் யுரேனியம் 233 கொண்டு இயங்கியது. பாபா கண்ட மூன்றாம் நிலையின் சிறு முளை அது. அது மரமாக வேண்டுமா, எத்தனை மரங்களுள் ஒன்றாக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு இன்றைய மாணவர்களையே சாரும். நெடுந்தொலைவு நோக்கும் பழக்கத்தைப் பாபாவிடமும், கேள்வி கேட்கும் துணிவைச் சாகாவிடமும் கற்றவர்களே அம்முடிவைச் செம்மையாக எடுக்க இயலும்.