ழான் லூயி அலிபேர்

ழான் லூயி மார்க் அலிபேர் (மே 2, 1768 – நவம்பர் 4, 1837) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். பிரான்சில் தோல் மருத்துவத்தைத் தனித்துறையாக நிறுவியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றை முதன்முதலாக விவரித்தவர் இவரே. அந்நோய் இன்றும் இவர் இட்ட பெயராலேயே மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று அழைக்கப்படுகிறது.

இளமை

அலிபேர் தென் பிரான்சிலுள்ள வில்ஃபிரான்ஷ்-து-ரூவெர்க் என்னும் ஊரில் பிறந்தார். சமயக் கல்வி பயின்று குருவாக எண்ணியிருந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவர் சார்ந்திருந்த துறவியர் சபை கலைக்கப்பட்டதால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. பாரிசுக்குச் சென்ற அவர், ஏறத்தாழ 26-ஆம் வயதில் மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

செயின்ட் லூயி மருத்துவமனை

பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனை, கொள்ளைநோயால் பாதிக்கப்பட்டோரைத் தனிமைப்படுத்துவதற்காக 1607-இல் நான்காம் ஹென்றி மன்னரால் நிறுவப்பட்டது. 1801-இல் இது தோல் நோய்களுக்கும் நாட்பட்ட நோய்களுக்கும் உரியதாக மாற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அலிபேர் அங்கு மருத்துவராக அமர்த்தப்பட்டார். பிறர் அருகில் செல்லவும் அஞ்சிய நோயாளிகளை அவர் நாள்தோறும் பார்வையிட்டு, நோய்க்குறிகளைப் பதிவு செய்தார். மருத்துவமனை வளாகத்து மரங்களின் நிழலில், நோயாளிகளை நேரில் காட்டி அவர் நடத்திய வகுப்புகள் பெரும்புகழ் பெற்றன.

1806 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவரது தோல் நோய் நூல், வண்ணப் படங்களுடன் கூடிய பேரேடாகும். உடலில் காளான் போன்ற கட்டிகள் தோன்றிய ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு இந்நூலில் உள்ளது. முதலில் இதனை வெப்பமண்டலத் தோல் நோயான யாஸ் என்பதன் ஒரு வகையாகக் கொண்ட அலிபேர், 1832-இல் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் எனப் பெயரிட்டார். கட்டிகளின் தோற்றத்தை வைத்தே இப்பெயர் இடப்பட்டது. இந்நோய்க்கும் பூஞ்சைக்கும் தொடர்பில்லை. காயத்தழும்பு மிகையாக வளரும் கீலாய்டு என்னும் நிலைக்குப் பெயர் தந்தவரும் இவரே.

ஆய்வுகள்

புற்றுநோய் தொற்றுமா என்பதை அறிய, 1808-இல் அலிபேரும் அவருடைய மாணவர் சிலரும் மார்பகப் புற்றுநோயாளியிடமிருந்து எடுத்த கசிவுநீரைத் தம் உடலில் செலுத்திக்கொண்டனர். செலுத்திய இடத்தில் அழற்சி ஏற்பட்டதேயன்றிப் புற்றுநோய் தோன்றவில்லை.

சிரங்கிற்குச் சிற்றுண்ணியே காரணம் என்பதை நிறுவுவதிலும் அவர் ஆர்வம் காட்டினார். அவரது மருத்துவமனையைச் சேர்ந்த மருந்தாளர் காலெஸ் 1812-இல் வெளியிட்ட படம், பாலாடைக்கட்டியில் வாழும் உண்ணியின் படம் எனப் பின்னர் தெரியவந்தது. 1834-இல் கோர்சிகாவைச் சேர்ந்த மாணவர் ரெனூச்சி, அம்மருத்துவமனையிலேயே நோயாளியின் தோலிலிருந்து உண்மையான உண்ணியை ஊசியால் எடுத்துக் காட்டினார்.

வகைப்பாடும் எதிர்ப்பும்

தோல் நோய்கள் அனைத்தையும் ஒரு மரத்தின் கிளைகளாக வகைப்படுத்தி, 1829-இல் அலிபேர் ஒரு படத்தை முன்வைத்தார். தோலில் முதலில் தோன்றும் புண் அல்லது கொப்புளத்தின் வடிவைக் கொண்டு பிரிக்கும் ஆங்கிலேயர் வில்லனின் முறை இதனினும் எளிது. அலிபேரின் மாணவரான பியேத் அம்முறையையே பிரான்சில் பரப்பினார். அலிபேரின் மரம் நாளடைவில் வழக்கொழிந்தது.

பதினெட்டாம் லூயி, பத்தாம் சார்லஸ் ஆகிய மன்னர்களுக்கு அரச மருத்துவராகவும் அலிபேர் விளங்கினார். பத்தாம் சார்லஸ் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். அலிபேர் 1837-இல் பாரிசில் காலமானார்.

இன்றைய முக்கியத்துவம்

அலிபேர் விவரித்த நோய், டி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் தோலில் பெருகுவதால் உண்டாகும் புற்றுநோய் என்பது 20-ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. தோலில் தொடங்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. தொடக்கத்தில் இது படை அல்லது கரப்பான் போலத் தோன்றுவதால், நோயை அறியப் பல ஆண்டுகள் ஆவதுண்டு.

ஒருவரது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல், பிறரது உயிரணுக்களை அயலானவை என அறிந்து தாக்குகிறது. 1808-ஆம் ஆண்டுச் சோதனையின்போது இது அறியப்படவில்லை. சிறுநீரகம், இதயம் போன்ற உறுப்புகளை மாற்றாகப் பெற்றோருக்கு இவ்வாற்றலை அடக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. இதனால் அவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை பி உயிரணுக்களில் தோன்றுபவை. பலவற்றில் எப்ஸ்டீன்-பார் தீநுண்மத்திற்குப் பங்குண்டு. தோலில் மட்டும் தோன்றுபவை அரிது. அவற்றுள் அலிபேர் கண்ட நோய் மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. உறுப்பு மாற்றத்திற்குப் பிறகு வரும் பல நிணநீர்ப் புற்றுநோய்களில் அடக்கு மருந்தின் அளவைக் குறைப்பதே முதற்படியாகும். ஆனால் அளவைக் குறைத்தால் பெற்ற உறுப்பை உடல் புறக்கணிக்கும் இடர் உண்டு. எனவே இத்தகையோரின் தோலில் ஆறாத படையோ கட்டியோ தோன்றினால், திசுச் சோதனை செய்து நோயை உறுதிப்படுத்துவது இன்றியமையாதது. அலிபேரின் வகைப்பாடு மறைந்தபோதிலும், நோயாளியின் தோலை உற்று நோக்கிப் பதியும் அவரது முறை இன்றும் தோல் மருத்துவத்தின் அடிப்படையாக விளங்குகிறது.