தச்சுப் பட்டறையும் மருத்துவக் கல்லூரியும்

பள்ளிகளில் கைத்தொழில் கற்பிப்பது குறித்த வாதம் எழும்போதெல்லாம், கொல்லிமலையில் வளர்ந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது.

டாக்டர் பால் பிராண்டு 1914-இல் ஆங்கிலேய சமயப் பணியாளர்களின் மகனாகப் பிறந்தார். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாம் ஏறிச்செல்லும் மலைக்கு அன்று சாலை இல்லை. தந்தை ஜெஸ்ஸி பிராண்டு மலைமக்களுக்கு மருத்துவம் பார்த்தார், பள்ளிகள் நடத்தினார், தச்சு வேலையும் கற்பித்தார். ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்ட பால், தந்தையை மீண்டும் காணவேயில்லை. 1929-இல் மலையிலேயே காய்ச்சலுக்கு இரையானார் ஜெஸ்ஸி.

பதினாறு வயதில் பள்ளியை விட்டு வெளியேறிய பால், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தச்சும் கொத்து வேலையும் பயின்றார். பின்னர் மனம் மாறி, லண்டனில் மருத்துவம் படித்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி இயங்கச் செய்தார். கை சீரான பின்னும் பிழைக்க வழியற்று நின்றோருக்குத் தச்சுத் தொழில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1960-இல் லாஸ்கர் விருது பெற்ற அவர், 2003-இல் மறைந்தார்.

கல்வியில் பல நலன்கள் மோதுகின்றன. வறிய பெற்றோருக்குப் பிள்ளையின் உழைப்பு தேவை. அரசுக்குச் சிக்கனம் தேவை. தொழிற்சாலைக்குப் பழகிய கைகள் தேவை. இவற்றுக்கிடையே பிள்ளையின் நலனுக்காகப் பேசுவோர் குறைவு. கிராமப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்ன 1953-ஆம் ஆண்டு ராஜாஜி திட்டம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. ஆறாம் வகுப்பிலேயே தொழில் அறிமுகத்தைப் பரிந்துரைக்கும் 2020 தேசியக் கல்விக் கொள்கை, அந்த அச்சத்தை மீண்டும் எழுப்பியுள்ளது.

உளியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றைத் தேர்ந்தால் இழக்கும் மற்றொன்றே அதன் விலை என்று பொருளியல் வகுப்புகளில் கற்பித்து வந்தவன் நான். பால் பிராண்டுக்கு அந்த விலை சிறிது. ஐந்தாண்டு கழித்தும் மருத்துவக் கல்லூரியின் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. அவருடன் ஓடியாடிய மலைச் சிறுவர்களுக்கு அப்படியொரு கதவே இல்லை.

இன்று கொல்லிமலைச் சிறுமி ஒருத்தி பதினாறு வயதில் பட்டறைக்குச் சென்று, இருபத்தொரு வயதில் மருத்துவம் படிக்க விரும்பினால் அவளுக்கு வழி உண்டா? திட்டம் வகுப்போர் முதலில் இதற்கு விடை கூறட்டும்.