குழந்தைகளிடம் பாடம் கற்றவர்

ஆசிரியர் கற்பிப்பார், மாணவர் கற்பர். பள்ளி என்றதும் நம் மனத்தில் தோன்றும் காட்சி இதுவே. ஆயினும், கற்பிக்க விரும்புவோர் முதலில் குழந்தையை உற்றுநோக்கிக் கற்க வேண்டும் என்று உலகிற்கு உணர்த்தினார் ஒருவர். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலம் அது. ரோம் பல்கலைக்கழகத்தில், ஆண் மாணவருடன் சேர்ந்து உடற்கூறு பயில இவருக்கு இசைவு கிடைக்கவில்லை. வகுப்புகள் முடிந்தபின், இறந்தோர் உடல்களுக்கிடையே தனியே நின்று அப்பாடத்தைப் பயின்றார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பணியின்போது, மனநல விடுதியில் அடைபட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். அறிவு வளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட அவர்களுக்குத் தொட்டு விளையாட ஒரு பொருளும் இல்லை. மருந்தைவிடக் கல்வியே அவர்களுக்குத் தேவை எனத் தெளிந்தார். தொட்டும் பொருத்தியும் பயிலும் கருவிகளைக் கொண்டு கற்பித்தார். அவர்களுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றுத் தேர்விலும் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையார் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது. இவர்களே இவ்வளவு கற்க முடியுமெனில், மற்றக் குழந்தைகள் பள்ளிகளில் பின்தங்குவது ஏன்?

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கப்பெற்றது. அங்கே ஒருநாள், ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய துளைகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிறரைப் பாடச் செய்தார் அம்மையார்; அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமீது வைத்தார். அப்போதும் அவள் நிறுத்தவில்லை. 40 முறைக்கு மேல் செய்தபின், மகிழ்வுடன் எழுந்தாள். அச்சமோ பரிசோ இன்றி, தக்க பொருளும் தக்க சூழலும் அமைந்தால் குழந்தை தானே கற்கும் என்பதை அம்மையார் கண்டார். 1909 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சியோடு கருத்து வேறுபட்டதால், 1934இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் வாழ்ந்தபோது அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பின்னர் நெதர்லாந்து சென்றார். 1939இல், தம் 69ஆம் வயதில், மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றிற்கு வந்தார். குழந்தையின் வளர்ச்சியைப் பயில இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் அங்கே கூடினர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசு மரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. அம்மையாரும் அடையாற்றை விட்டு நீங்கத் தடை விதிக்கப்பட்டது. அவரது 70ஆம் பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கொடைக்கானலில் வாழ்ந்த அம்மையார், மலைச்சூழலில் செடிகளையும் சிற்றுயிர்களையும் கொண்டு சிறுவர் கற்கும் முறையை வகுத்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர்.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் அம்மையார் மறைந்தார். சொந்த நாட்டையும் மொழியையும் விட்டு நெடுந்தொலைவில் வாழ்ந்தபோதும், குழந்தைகள் இருந்த இடத்தையெல்லாம் தம் பள்ளியாகவே கொண்டார் அவர்.

சொற்பொருள்
இசைவு – அனுமதி
உற்றுநோக்கி – கூர்ந்து பார்த்து

சிந்தித்து எழுதுக
1. மருத்துவரான அம்மையார் கல்விப் பணிக்குத் திரும்பியது ஏன்?
2. சிறுமியின் செயலிலிருந்து அவர் அறிந்த உண்மை யாது?
3. புதிய ஊரில் வாழ நேர்ந்தபோது நீங்கள் தாமாகக் கற்ற ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.