இடது தோள் தழும்பும் ஓர் இளவரசியும்

தென்காசியோ குற்றாலமோ, எந்த ஊர்க்காரரா இருந்தாலும் உங்க இடது தோளைக் கொஞ்சம் பாருங்க. சின்னதா வட்டத் தழும்பு இருக்கா? காசநோய் வராமலிருக்க குழந்தையில் போட்ட பிசிஜி ஊசியாக இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஊசியை ஊர் ஊராகக் கொண்டுபோன அமைச்சர், ஓர் அரண்மனைப் பெண்!

ராஜகுமாரி அம்ரித் கௌர். கபூர்தலா அரச குடும்பம். இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி, டென்னிஸ் என செல்லமாக வளர்ந்தவர். அப்பா ராஜா ஹர்னாம் சிங்கைப் பார்க்க கோகலே வருவார். வெளியுலகம் அவருக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

1919-ல் காந்தியைச் சந்தித்ததும் கூடவே போய்விட ஆசை. வீட்டில் சம்மதிக்கலை. பெற்றவர்களை மீற மனசு வராமல், 1930-ல் அப்பா இறக்கும்வரை பொறுத்திருந்தார். பதினோரு வருஷம்ங்க! அதுக்காக சும்மா இருக்கலை. பர்தாவையும் குழந்தைத் திருமணத்தையும் எதிர்த்தார். 1927-ல் அகில இந்திய பெண்கள் மாநாட்டைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1934 முதல் ஆசிரம வாசம், காந்தியின் செயலாளர் வேலை. 1942 போராட்டத்தில் சிறை.

1947-ல் நாட்டின் முதல் சுகாதார அமைச்சர். அடுத்த வருஷமே சென்னை கிண்டியில் பிசிஜி மருந்துக்கூடம் வந்தது. 1955-ல் இந்த ஊசியே வேண்டாம் என்று கிளம்பியவர் யார் தெரியுமா? ராஜாஜி! இரண்டு பேருமே காந்தியின் சீடர்கள். அம்ரித் கௌர் அசரவில்லை, ஊசி தொடர்ந்தது.

டெல்லி எய்ம்ஸும் அவர் முயற்சிதான். 1964-ல் மறைந்தார். சிம்லாவில் இருந்த சொந்த பங்களா? அதை எய்ம்ஸ் ஊழியர்கள் போய் ஓய்வெடுக்கக் கொடுத்துவிட்டார்.