சுப்பராம தீட்சிதர்: கமகத்துக்குக் குறி போட்ட எட்டயபுரம் வித்வான்

ச ரி க ம என்று வரிசையாக எழுதிவிட்டால் பாட்டை எழுதியாயிற்றா? கர்நாடக இசையில் ஆகாது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தால் அது தோடியே இல்லை. அந்த அசைவுதான் கமகம். அதைத் தாளில் கொண்டுவரப் பாடுபட்டவர் சுப்பராம தீட்சிதர்.

1839இல் பிறந்தவர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். மகள் வயிற்றுப் பேரனான இவரை அவரே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். வீணையும் கிருதிகளும் அப்படித்தான் கைக்கு வந்தன. பின்னாளில் இவரும் அதே சமஸ்தானத்தில் வித்வான் ஆனார்.

அந்தக் காலத்தில் கிருதி என்பது குடும்பச் சொத்து மாதிரி. சீடனுக்கு வாயால் சொல்லிக்கொடுப்பதோடு சரி. இவை அழிந்துபோகுமே என்று பதறிய சின்னசாமி முதலியார், மேற்கத்திய ஸ்டாஃப் நொடேஷனில் அச்சிட ஆரம்பித்தார். தீட்சிதரும் அவருக்கு உதவினார். ஆனால் முதலியாருக்குக் கண்பார்வை போய்விட்டது. கடைசியில் அவர் எட்டயபுரம் ராஜாவிடமே முறையிட்டார். ராஜா சொன்னால் தட்ட முடியுமா? அறுபது வயதைத் தாண்டி தீட்சிதர் எழுத உட்கார்ந்தார்.

1904இல் எட்டயபுரம் அச்சகத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. ஸ்வரத்துக்கு மேலே நெளிகோடு இருந்தால் கம்பிதம். அசைத்துப் பாட வேண்டும். சாய்கோடு இருந்தால் ஜாரு. வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நொக்கு, ரவை, ஒடுக்கல், ஒரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. ஒடுக்கல் என்பது வீணையில் ஒரே மெட்டில் நின்று தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தை எழுப்புவது. பாடகர் அதைக் குரலில் எப்படிக் கொண்டுவருவது என்பது வேறு பாடு!

இங்கேதான் ஒரு சிக்கல். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்துவிட்டார். சுப்பராமர் பிறந்ததே நாலு வருஷம் கழித்து. ஆகவே அந்தக் குறிகள் பாட்டை இயற்றியவர் போட்டவை அல்ல. பாலுசுவாமியின் வீணையிலிருந்து சுப்பராமர் காதில் வாங்கி, பதிப்பாசிரியராகத் தாமே தீர்மானித்தவை. அதனால் மதிப்புக் குறையவில்லை. அதைவிடப் பழைய சாட்சி கிடைப்பதுதான் கஷ்டம்.

1906இல் அவர் காலமானபோது, எட்டயபுரத்துக்காரரான பாரதியார் இரங்கற்பா பாடினார். பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி அந்த நூலைத் தமிழில் வெளியிட்டது. ஒரு கிருதிக்கு இரண்டு பாடம் இருந்தால், அந்த ஸ்வரத்தின் தலையில் நெளிகோடு இருக்கிறதா என்று வித்வான்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.